புதிய கண்ணாடிப் பெட்டியில் டாரன்டுலா சுவரை விட்டு இறங்க மறுக்கிறது: திருப்பிப் பழைய டப்பாவில் விடலாமா?

லயத்துமல்லி (சுங்கை சிப்புட்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி வேலை கிடைத்துச் சிங்கப்பூருக்குப் போனபோது, தான் வளர்த்துவந்த சுருள்முடி டாரன்டுலாவை என் பொறுப்பில் விட்டுச் சென்றான். பெண் சிலந்தி, கால்களை விரித்து நின்றால் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் இருக்கும். அது இருந்த பிளாஸ்டிக் டப்பா அதற்குச் சிறிதாகிவிட்டதால், ஈப்போவில் ஒரு கண்ணாடிப் பெட்டி வாங்கி, சென்ற வாரம் அதில் மாற்றினேன். பெட்டியின் நீளம் 45 சென்டிமீட்டர், அகலம் 30, உயரம் 30. அடியில் கோக்கோபீட்டை (தென்னைநார்த் தூள்) நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, நன்றாகத் தண்ணீர் தெளித்து, ஒரு மரப்பட்டையும் தண்ணீர்க் கிண்ணமும் வைத்திருக்கிறேன். மூடி கம்பிவலையால் ஆனது.

மாற்றிய இரவு முதல் அது தரையில் நிற்பதே இல்லை. பகல் முழுவதும் கண்ணாடியின் மேல் மூலையில் கால்களை ஒடுக்கிக்கொண்டு ஒட்டிக்கிடக்கிறது; இரவில் இறங்கிச் சுவரோரமாகவே சுற்றிவிட்டு மறுபடியும் ஏறிவிடுகிறது. முன்பு, இரையாகப் போடும் செங்கெரிக் (சுவர்க்கோழி) பூச்சி விழுந்த கணமே பாய்ந்து பிடிக்கும். இப்போது பூச்சி காலில் மோதினாலும் பின்வாங்குகிறது.

எங்களுடையது தோட்டத்தை ஒட்டிய பழைய வீடு. தகரக் கூரை என்பதால் நடுப்பகலில் உள்ளே வெப்பம் அதிகம். எறும்புத் தொல்லையும் உண்டு. அம்மா, வாயில்லாத உயிரை வதைக்காமல் பழைய டப்பாவிலேயே விட்டுவிடு என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணனோ செம்பனை மரத்தடிச் சருகை அள்ளிவந்து போட்டால் காடு என்று நினைத்து அடங்கிவிடும் என்கிறார். தம்பி குழந்தையைப் போல் பார்த்துக்கொண்ட உயிர் இது. என்ன செய்வதென்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

எட்டுக்கால் (தைப்பிங்) எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நீங்கள் எழுதியிருப்பதில் உயிருக்கு ஆபத்தான அடையாளம் எதுவும் இல்லை. அம்மாவிடமும் அதைச் சொல்லுங்கள். பழைய டப்பாவுக்குத் திரும்ப மாற்ற வேண்டாம். ஆனால் பெட்டியில் திருத்த வேண்டியவை இரண்டு மூன்று உள்ளன. அவற்றை ஒரே மூச்சில் செய்து முடித்துவிட்டு, அதன்பின் அதன் பக்கமே போகாமல் இருப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய பேருதவி.

டாரன்டுலாவுக்கு எட்டுக் கண்கள் இருந்தாலும் பார்வை மங்கல். காலில் உள்ள மயிர்களால் அதிர்வையும் காற்றசைவையும் வாடையையும் உணர்ந்துதான் தன் இடத்தை அது அறிந்துகொள்கிறது. பழைய டப்பாவில் மூலைமுடுக்கெல்லாம் தன் பட்டு இழையைப் படரவிட்டு, எங்கே காலை வைத்தாலும் தன் வீடு என்று தெரியும்படி செய்துவைத்திருந்தது. புதிய பெட்டியில் அப்படி ஓர் இழைகூட இல்லை. ஆகவே சில நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றுவதும் உணவை மறுப்பதும் இயல்பு. பழைய டப்பாவை இன்னும் கழுவாமல் வைத்திருந்தால், அதிலுள்ள பட்டு படிந்த மண்ணில் இரண்டு பிடியையும் அது பதுங்கியிருந்த மரப்பட்டையையும் புதிய பெட்டியில் வையுங்கள்.

நாட்கள் சென்றும் இறங்க மறுக்கிறது என்றால் நான் முதலில் சந்தேகிப்பது ஈரத்தை. மண் சொதசொதவென்று இருந்தால் இவை கால் வைக்க விரும்பாமல் சுவரேறும். ஒரு பிடி கோக்கோபீட்டை அள்ளி இறுகப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் நீர் கசிந்தால் ஈரம் மிகை. கையைத் திறந்ததும் உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் அதுவே பதம். மேற்பரப்பு காய்ந்திருந்தாலும் குற்றமில்லை. இணையத்தில் நாம் பார்க்கும் காணொளிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் வளர்ப்பவர்கள் எடுத்தவை. அவர்கள் சூடேற்றியும் நீர் தெளித்தும் உண்டாக்கிக்கொள்ளும் வெப்பமும் ஈரமும் பேராக்கில் ஆண்டு முழுவதும் தானாகவே கிடைக்கின்றன. ஹோண்டுராஸ், நிக்கராகுவா, கொஸ்தாரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த இந்தச் சிலந்திக்கு நம் காற்றே போதும். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் எப்போதாவது சிறிது நீர் ஊற்றுங்கள். தெளிப்பானை எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது உயரம், எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். தரையில் வாழும் டாரன்டுலாவின் பின்வயிறு கனமானது, தோலோ மெல்லியது. உயரத்திலிருந்து விழுந்தால் கிழிந்துவிடும். மண்ணின் மேற்பரப்புக்கும் மூடிக்கும் இடையிலான வெளி, அதன் கால்விரிப்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது என்பது வளர்ப்போரின் பொதுக் கணக்கு. உங்கள் சிலந்திக்கு அது 18 சென்டிமீட்டர். பெட்டி 30 சென்டிமீட்டர் என்பதால் மண் குறைந்தது 12 சென்டிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். நான்கு விரற்கடை போதாது. அதற்கு ஏறத்தாழ 16 லிட்டர் கோக்கோபீட் தேவைப்படும். 650 கிராம் கட்டி ஒன்று நீரில் ஊறினால் 8 லிட்டர் அளவுக்குப் பெருகும் என்பதால், ஏற்கெனவே போட்டிருப்பதோடு இரண்டு கட்டிகள் தாராளம். நாற்றங்காலுக்கு விற்கும் உரம் கலந்த வகையை வாங்காதீர்கள். ஊறியதைச் சாக்கில் பரப்பி ஒரு நாள் உலர்த்திய பிறகு போடுங்கள்; போடும்போது உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள், இல்லையென்றால் அது தோண்டும் வளை சரிந்துவிடும்.

கம்பிவலை மூடியை மாற்றியே ஆக வேண்டும். ஒவ்வொரு காலின் நுனியிலும் இரண்டு சிறு நகங்கள் உண்டு. மேலே ஏறும்போது அவை வலையில் மாட்டிக்கொண்டால் சிலந்தி தலைகீழாகத் தொங்கிப் போராடிக் காலை இழக்கும், அல்லது விழும். அளவுக்கு வெட்டிய அக்ரிலிக் தகட்டில் சாலிடரிங் கம்பியால் நிறையச் சிறு துளைகள் இட்டால் நல்ல மூடி கிடைக்கும். துளைகளைத் தாராளமாக இடுங்கள். நம் ஊரில் காற்றோட்டம் குறைந்தால் பூசணம் உடனே வந்துவிடும்.

மரப்பட்டையைச் சும்மா மேலே வைக்காமல் சாய்த்துப் பாதி புதையுங்கள். அதன் அடியில், கண்ணாடியை ஒட்டி, சிலந்தியின் உடல் நுழையும் அளவுக்குக் கட்டைவிரலால் ஒரு வளையைத் தொடங்கிவைத்தால் மீதியை அதுவே தோண்டிக்கொள்ளும். அந்தப் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே கறுப்புத் தாள் ஒட்டி இருட்டாக்குங்கள்.

இந்த வேலைகளுக்காகச் சிலந்தியை வெளியே எடுக்கும்போது, பெட்டியைத் தரையில் பெரிய பேசினுக்குள் இறக்கிவைத்துச் செய்யுங்கள். ஒளி ஊடுருவும் டப்பாவைச் சிலந்தியின்மேல் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகினால் போதும்; நகர மறுத்தால் மென்மையான ஓவியத் தூரிகையால் பின்கால்களை லேசாகத் தொடுங்கள். வாயால் ஊதாதீர்கள், மிரண்டுவிடும். மிரண்டால் பின்வயிற்று மயிரைக் காலால் தேய்த்து உதிர்க்கும். அது தோலில் பட்டால் அரிப்பு, கண்ணில் பட்டால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். மூக்குக்கண்ணாடி அணியுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

பெட்டியை வைக்கும் இடத்தையும் யோசியுங்கள். வெயில் விழாத, செங்கல் சுவரை ஒட்டிய தாழ்வான பலகை தகரக் கூரை வீட்டில் மிகவும் குளிர்ந்த இடம். துணி துவைக்கும் இயந்திரமோ ஒலிபெருக்கியோ இருக்கும் பக்கம் வேண்டாம். நமக்குப் பாட்டாகக் கேட்பது அதற்கு நிலநடுக்கம்.

நீலவானம் (பத்து காஜா) எழுதியது:

நான் டாரன்டுலா வளர்த்ததில்லை, ஆனால் வேறு பிராணிகள் வளர்க்கிறேன். எந்த உயிரும் மனிதரின் தொடுதலுக்குப் பழகினால்தான் அச்சம் நீங்கும் என்பது என் எண்ணம். தினமும் சிறிது நேரம் கையில் ஏறவிட்டுப் பழக்கினால் புதிய இடத்திலும் விரைவில் அமைதியாகிவிடும் அல்லவா?

எட்டுக்கால் (தைப்பிங்) எழுதியது:

நண்பரே, பூனைக்கும் கிளிக்கும் நீங்கள் சொல்வது பொருந்தும், சிலந்திக்குப் பொருந்தாது. அது நம்மை அடையாளம் கண்டு அன்பு கொள்ளும் உயிர் அல்ல. கை அதற்கு வெப்பமான, அசையும் தரை, அவ்வளவே. சில சிலந்திகள் கையில் சும்மா இருப்பதைப் பொறுமை என்று சொல்லலாம், பழக்கம் என்று சொல்ல முடியாது. அதற்குக் கிடைக்கும் நன்மை ஒன்றும் இல்லாதபோது ஆபத்து மட்டும் பெரிது. டாரன்டுலாவின் காலில் சில மூட்டுகளை மடக்கத்தான் தசை உண்டு, நீட்டுவதற்குத் தசை இல்லை. உடல்நீரின் அழுத்தத்தால்தான் அவை நீள்கின்றன. கையிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்து வயிறு கிழிந்தால் அந்த நீர் வெளியேறி, காலை நீட்ட முடியாமல் மடக்கிக்கொண்டு இறந்துவிடும். இடம் மாறி மிரண்டிருக்கும் இந்த நேரத்தில் தயவுசெய்து யாரும் அதைக் கையில் எடுக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற தண்டல் (சுங்கை சிப்புட்) எழுதியது:

வணக்கம் மகளே. சிலந்தி வளர்ப்பு எனக்குத் தெரியாது. என் வேலைக்காலம் முழுவதும் பால்மரத்திலும் செம்பனையிலும் கழிந்தது என்பதால் அந்தச் சருகைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: தோட்டத்திலிருந்து ஒரு பிடி சருகோ மண்ணோ அந்தப் பெட்டிக்குள் போகக் கூடாது.

மறுநடவு செய்த இளஞ்செம்பனையின் குருத்தைக் காண்டாமிருக வண்டு துளைத்துவிடும். அதைத் தடுக்கக் குருத்தில் சைப்பர்மெத்ரின் அடிப்பது தோட்டங்களில் வழக்கம். அது பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து. வண்டைக் கொல்வது சிலந்தியை விட்டுவைக்காது. பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டதால் இப்போது தோட்டத்தில் நஞ்சே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். தடை செய்யப்பட்டது ஒரு களைக்கொல்லி மட்டுமே. மற்றக் களைக்கொல்லிகளும் பூச்சி மருந்தும் தொடர்ந்து பயன்பாட்டில் உள்ளன. எந்தத் தொகுதியில் எப்போது அடித்தார்கள் என்பது வெளியாருக்குத் தெரிய வாய்ப்பில்லை. நஞ்சு இல்லாத இடமாகவே இருந்தாலும் அந்தச் சருகில் பூரானும் எறும்புமுட்டையும் இருக்கும். அதே காரணத்தால் தோட்டத்தில் பிடித்த வெட்டுக்கிளியையும் கொடுக்காதே. சருகு வேண்டும் என்று ஆசைப்பட்டால், மருந்தடிக்காத வீட்டுமனையில் உதிர்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையைக் கொதிக்கவைத்து, காயவைத்துப் போடலாம். மீன் வளர்ப்பவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எறும்புக்கு ஒரு வழி சொல்கிறேன். அந்தக் காலத்தில் லயத்து வீடுகளில் சோற்றலமாரியின் நான்கு கால்களையும் நீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்திவைப்போம். பெட்டி இருக்கும் மேசைக்கும் அப்படியே செய். மேசை சுவரைத் தொடாமல் இருக்கட்டும், மேசைவிரிப்பும் தரையில் படக் கூடாது. கிண்ணத்து நீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் இரண்டு சொட்டு விட்டு, சில நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடு. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுப்புழு இருந்தால் நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சுகாதார அதிகாரிகள் அபராதம் விதிப்பார்கள், அண்டை வீட்டாருக்கும் டிங்கி ஆபத்து. கடையில் விற்கும் எறும்புச் சாக்பீஸை மட்டும் அந்த அறையிலேயே கிழிக்காதே. வெறும் சுண்ணாம்பைப் போலத் தெரிந்தாலும், அதில் கலந்திருப்பது தோட்டத்து மருந்தின் இனத்தைச் சேர்ந்ததுதான். கொசுவர்த்திச் சுருளையும் வேறு அறைக்கு மாற்று.

மழைச்சாரல் (ஈப்போ) எழுதியது:

ஐயா சொன்னதற்கு நன்றி. நானும் தோட்டத்து மண்ணை அள்ளும் எண்ணத்தில்தான் இருந்தேன். சகோதரிக்கு ஒரு சிறு குறிப்பு. மெக்சிகோவின் செம்முழங்கால் டாரன்டுலாவின் வணிகம் 1985 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. பின்னர் அது சேர்ந்த பிராக்கிபெல்மா பேரினம் முழுவதும் அதில் சேர்க்கப்பட்டது. சுருள்முடியும் நீண்ட காலம் அந்தப் பேரினத்தில்தான் வகைப்படுத்தப்பட்டிருந்தது. நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. ஆகவே தம்பி வாங்கியபோது கிடைத்த ரசீதையும் தாள்களையும் அனுப்பச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் வளர்ப்பதற்கு அனுமதி எதுவும் தேவையா என்று பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். பெண் சிலந்தி 20 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. இப்போதே முறைப்படுத்திக்கொள்வது நல்லது.

லயத்துமல்லி (சுங்கை சிப்புட்) எழுதியது:

அனைவருக்கும், குறிப்பாகத் தைப்பிங் அண்ணனுக்கும் தண்டல் ஐயாவுக்கும், மனமார்ந்த நன்றி. சொன்னபடியே மண்ணை உயர்த்தி, மூடியை மாற்றி, பழைய மரப்பட்டையைச் சாய்த்துப் புதைத்தேன். பழைய டப்பாவின் மண்ணைத் தூவிய இடத்தில் இறங்கியதும் அது முன்கால்களால் தரையை மாறிமாறித் தட்டிப் பார்த்துவிட்டு, நேராகப் பட்டைக்கு அடியில் போனதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்ல முடியாது. அம்மாவும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

இப்போது வேறு மூன்று சந்தேகங்கள். வளையின் வாயை மண்ணாலும் பட்டாலும் முழுவதும் அடைத்துக்கொண்டுவிட்டது. உள்ளே மூச்சு முட்டாதா? கறுப்புத் தாளை விலக்கிப் பார்த்தால், பின்வயிற்றில் மயிர் உதிர்ந்த இடம் முன்பு வெளிறியிருந்தது, இப்போது கறுத்துப் பளபளக்கிறது, இது நோயா? மூன்றாவது, எங்கள் பகுதியில் டிங்கி கண்டிருப்பதால் புகைமருந்து அடிக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தண்டல் ஐயா எழுதியதைப் படித்த பிறகு இதுவே எனக்குப் பெரும் பயமாக இருக்கிறது.

எட்டுக்கால் (தைப்பிங்) எழுதியது:

மூச்சு முட்டாது, மண்ணின் வழியே வரும் காற்றே அதற்குப் போதும். வாயை அடைப்பது, இனி யாரும் வர வேண்டாம் என்று அது சொல்வதற்குச் சமம். தோண்டிப் பார்க்கவே கூடாது.

கறுத்தது நோயல்ல. பழைய தோலுக்கு அடியில் புதிய மயிர் முளைத்திருப்பதால் அப்படித் தெரிகிறது, தோலுரிக்கப் போகிறது. உணவை மறுத்ததற்கு இடமாற்றத்தோடு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம். இப்போது பூச்சி எதுவும் பெட்டிக்குள் இருக்கக் கூடாது, ஏனென்றால் தோலுரிக்கும் சிலந்தியால் அசைய முடியாது, செங்கெரிக் அதைக் கடித்துவிடும். கிண்ணத்தில் நீர் மட்டும் இருக்கட்டும். மல்லாந்து கிடப்பதைப் பார்த்தால் இறந்துவிட்டது என்று எண்ணித் தொட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அப்படிக் கிடந்துதான் தோலுரிக்கும், சில மணி நேரம் ஆகும். கவலைப்பட வேண்டிய நிலை வேறு: நிமிர்ந்தபடியே எல்லாக் கால்களையும் அடியில் மடக்கிக்கொண்டிருந்தால் அது நீர்ச்சத்துக் குறைவாகவோ அதைவிட மோசமாகவோ இருக்கலாம். தோலுரித்ததும் பல் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவந்து, கடைசியில் கறுக்கும். நன்றாகக் கறுத்து, வளையின் வாயையும் அதுவே திறந்த பிறகு ஒரே ஒரு பூச்சி கொடுங்கள். அதன் பின்வயிற்றைவிடப் பெரிதாக வேண்டாம். விடியும்வரை தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

புகைமருந்தைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அதில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகைதான் இருக்கும், அதாவது ஐயா சொன்ன சைப்பர்மெத்ரினின் இனம். பட்டுவிட்டால் கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும். அதற்கு மருந்து கிடையாது, நல்ல காற்றில் வைத்துக் காத்திருப்பது தவிர வேறு வழியில்லை. அதனால் அடிப்பதற்கு முன்பே பெட்டியை அந்த வட்டாரத்தைவிட்டு அப்புறப்படுத்துங்கள். இருவராகப் பிடித்து, சாயாமல் தூக்கிக் காரின் கால்வைக்கும் தரையில் வையுங்கள். பின்னிருக்கையில் வைத்தால் வளை சரியும். அன்றிரவு உறவினர் வீட்டில் இருக்கட்டும். மறுநாள் வீட்டைத் திறந்துவைத்துக் காற்றாடவிட்டு, அந்த மேசையைச் சவர்க்கார நீரில் துடைத்த பிறகு கொண்டுவாருங்கள்.

சரியாக அந்த நேரத்தில் அது மல்லாந்து தோலுரித்துக்கொண்டிருந்தால் மட்டும் நகர்த்த முடியாது. அப்போது பெட்டி முழுவதையும் பெரிய குப்பைப்பையால் இரண்டு அடுக்காக மூடி, ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். இதன் மூச்சுத் தேவை மிகக் குறைவு என்பதால் பெட்டிக்குள் உள்ள காற்றே பல மணி நேரத்துக்குப் போதும். புகை அடங்கி, வீட்டை நன்றாகக் காற்றாடவிட்ட பிறகு பிரியுங்கள்.

மருந்தடிக்கும் நாளையும் நேரத்தையும் சுகாதார அலுவலகத்தில் கேட்டு இங்கே எழுதுங்கள். தைப்பிங்கிலிருந்து நெடுஞ்சாலையில் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் சுங்கை சிப்புட் வந்துவிடலாம். வைத்துக்கொள்ள வேறு இடம் அமையாவிட்டால் நானே வந்து பெட்டியை என் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறேன்.